காடிஸ் வரை போய் வந்த மூக்கு

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் என் கணவர் ஒரு வாய் சோற்றை எடுத்து வாயில் வைத்தார். மெல்லவில்லை. எழுந்து போய்த் தொட்டியில் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இன்னாமே இது?"

"கடம்பா தொக்கு."

"கடம்பான்னு தெரியுது. கெட்டுப் போயி கீதே, மோந்து பாக்கலயா நீ?"

கேட்ட பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. முகம் தொங்கிவிட்டது. பெரம்பூர் கேரேஜில் இருபது வருஷமாக ரயில் பெட்டிக்கு அடியில் படுத்து வேலை பார்க்கிற மனிதர். சாப்பாட்டில் குறை சொல்லத் தெரியாதவர். "பரவால்ல, ரசம் ஊத்து" என்று சொல்லிவிட்டு, தொக்குச் சட்டியை அவரே மூடி வெளியே கொண்டுபோய் வைத்தார். நாற்றத்துக்கு மாடி வீட்டு ஜன்னல் ஏற்கெனவே சாத்தியிருந்ததாம். அதை அவர் சொல்லவில்லை, என் பெண் சொன்னாள்.

நான் மோந்து பார்த்திருந்தேன், அதுதான் வேடிக்கை. கொரோனா வந்து போனதிலிருந்து எனக்கு வாசனை தெரியாது. மற்றவர்களுக்குப் பத்து நாளில், ஒரு மாதத்தில் திரும்பி வந்தது. எனக்கு வரவில்லை. வரும் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்த டாக்டர்கூட இப்போது அந்தப் பேச்சை எடுப்பதில்லை. ஆனால் கைப்பழக்கம் விடுமா? மீன் வாங்கினால் ஒரு துண்டைக் கை தானாக எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போகும். காற்று உள்ளே போகும், வெளியே வரும். அவ்வளவுதான்.

மூக்கு போனதற்கு இவ்வளவு புலம்பலா என்று நீங்கள் நினைக்கலாம். இந்த மூக்குக்காக ஒருமுறை விமான டிக்கெட் போட்டு என்னை ஸ்பெயினுக்கு அனுப்பினார்கள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். எங்கள் தெருவில் எல்லோரும் சிரித்தார்கள்.

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே நான் காசிமேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்த்தேன். மை கக்கும் மீனை எல்லாம் எங்கள் பக்கம் கடம்பா என்று பொதுவாகச் சொல்லிவிடுவோம். முதுகில் ஓடு வைத்த தடித்த வகையை ஏற்றுமதிக் காகிதத்தில் கணவாய் என்று எழுத வேண்டும். அதைச் சுத்தம் பண்ணி, தரம் பிரித்து, பெட்டி போட்டு, உறைய வைத்து அனுப்புவோம். பெரும்பாலும் ஸ்பெயினுக்கு. நீண்ட எஃகு மேசையில் நாற்பது பெண்கள் தோல் உரிப்பார்கள். மேசையின் கடைசியில் ரெண்டு பேர் நின்று ஒவ்வொரு தட்டாக மோந்து பார்த்து, இது போகலாம், இது போகக்கூடாது என்று பிரிப்போம். அந்த ரெண்டு பேரில் ஒருத்தி நான். இன்னொருத்தி பிலோமினா.

பிலோ ராயபுரத்துக்காரி. கோவிலுக்குப் பின்னால் சந்தில் வீடு. கோவில் என்றால் மாதா கோவில். என்னைவிட ஒரு வயசு சின்னவள், என்னைவிட உயரம், என்னைவிட வாய். மோந்து பார்ப்பதில் மட்டும் அவள் என்னைவிடக் கீழே. இதை நான் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, தற்பெருமைக்காகவும்தான். சந்தேகமான தட்டு வந்தால் அவள் அதை என் பக்கம் தள்ளிவிடுவாள். "நீ பாருடி, எனக்குக் காலைல குடிச்ச டீ வாசனையே இன்னும் போவல" என்பாள். கெடுவதற்கு அரை நாள் முன்னாலேயே கணவாய் ஒரு மாதிரி இனிப்பாக மணக்கும். அந்த இனிப்பு எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

ஒரு வருஷம் ஸ்பெயின் கம்பெனியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அங்கே அவர்கள் குளிர்கிடங்கில் இந்தியச் சரக்கைப் பார்த்து வாங்க ஒரு ஆள் வேண்டுமாம். எங்கள் ரெண்டு பேருக்கும் பரீட்சை வைத்தார். மேசை மேல் எட்டுத் தட்டு. ஒவ்வொன்றையும் மோந்து பார்த்து, நல்லது, சந்தேகம், கெட்டது என்று காகிதத்தில் எழுத வேண்டும். நான் ஒரு பக்கமிருந்து, பிலோ எனக்கு எதிர்ப்பக்கமிருந்து. ரெண்டு பேருக்கும் எட்டுக்கு எட்டு.

எனக்கு ஆச்சரியம்தான். பரீட்சைக்குப் பயந்து மூக்கு கூர்மையாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பரீட்சைக்கு முன்னாலேயே ரெண்டு பேரையும் பாஸ்போர்ட் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். என்னுடையது கையில் வந்து நாலு நாள் ஆகியிருந்தது. மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். 

"ரெண்டு பேரும் நல்லா பண்ணிகீறீங்க. ஆனா உன் மூக்கு இங்க இல்லன்னா மால் ஒயுங்கா போவாதும்மா. பிலோவை அனுப்பிடலாம்னு இருக்கேன்."

பாராட்டாகச் சொன்னதால் அழவும் வழியில்லை. சுமாராக மோந்தவள் பறந்து போனாள், நன்றாக மோந்தவள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஐஸ் தண்ணீரில் நின்றாள். ஆறு வருஷம் நின்றேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பிலோவிடமிருந்து போட்டோ வரும், அடியில் ஒரு வரியோடு. கார் வாங்கினேன். பால்கனியில் துளசி வைத்தேன். சமுத்திரத்தைப் பார்த்துக்கொண்டு காப்பி குடிக்கிறேன். நான் எல்லாவற்றுக்கும் கட்டைவிரல் படம் ஒன்று போடுவேன், பிறகு போனைக் கவிழ்த்து வைப்பேன். என் பாஸ்போர்ட் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் ஒரு முத்திரைகூட இல்லாமல் படுத்திருந்தது.

அதற்கும் ஒரு நாள் வந்தது. எங்கள் கண்டெய்னர் ஒன்று வழியில் ஏதோ ஒரு துறைமுகத்தில் கரண்ட் இல்லாமல் ரெண்டு நாள் நின்றுவிட்டது. ஸ்பெயின்காரர்கள், சரக்கைப் பிரித்துப் பார்க்கும்போது உங்கள் ஆள் ஒருத்தர் கூட நிற்கட்டும் என்றார்கள். மேனேஜருக்குத்தான் போக ஆசை. அவருடைய பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தது. புடவைக்கு அடியிலிருந்து என்னுடையது எழுந்து வந்தது.

கிளம்பும்போது மேனேஜர் வாசல்வரை வந்தார். "அங்க பாக்கப்போறது நம்ம பிலோதாம்மா. எப்படியாவது பேசி பாஸ் பண்ணிட்டு வா. அந்த ஒரு பார்ட்டியை நம்பித்தான் இந்த ஷெட் ஓடுது" என்றார். மேசை முழுக்க நாற்பது பேரும் கையில் கத்தியோடு என்னைப் பார்த்தார்கள். பிலோவுக்குக் கொடுக்கச் சொல்லி யாரோ ஒருத்தி ஒரு கிலோ நெத்திலிக் கருவாட்டை ஏழு பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொடுத்தாள்.

அல்ஹெசிராஸ் என்ற ஊர்த் துறைமுகத்தில் அந்தக் கிடங்கு. நான் போய்ச் சேர்ந்தது வெள்ளிக்கிழமை மதியம். கண்டெய்னர் கதவைத் திறந்து, எட்டுப் பெட்டியை எடுத்துக் குளிர் அறையில் மெல்ல ஐஸ் உருக வைப்பதற்குள் அவர்கள் வேலை நேரம் முடிந்துவிட்டது. மிச்சம் திங்கட்கிழமைதான். வெள்ளைக் கோட்டும் தலையில் வலையும் போட்டுக்கொண்டு, ஆண்களுக்கெல்லாம் ஸ்பானிஷில் உத்தரவு போட்டுக்கொண்டிருந்த பிலோ, கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"ரெண்டு நாள் கீது. சும்மா ரூம்ல குந்திகினு இன்னா பண்ணப் போற? வா, வண்டில ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடலாம்."

சின்ன சிவப்புக் கார். பழசுதான். ஆனால் அவளுடையது. ஏறிய உடனே கருவாட்டுப் பொட்டலத்தைக் கேட்டு வாங்கி, அங்கேயே ஏழு பையையும் பிரித்தாள். முகத்தை உள்ளே விட்டுக்கொண்டு அப்படியே இருந்தாள். அதற்குப் பிறகு ரெண்டு நாளும் அந்தக் கார் காசிமேட்டு ஏலக்கூடம் மாதிரிதான் மணத்தது. பெட்ரோல் பங்கில் ஒரு பையன் ஜன்னல் பக்கம் குனிந்தவன் சட்டென்று நிமிர்ந்துகொண்டான்.

மாலகா வரைக்கும் கடலோரமாகவே ரோடு. பிலோ ஒரு கையால் ஓட்டினாள். நூற்றிருபதில் போகிறாள், ஹாரன் அடிக்கவே இல்லை. ஒரு தடவைகூட இல்லை. நம் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ட்ரெய்லர் லாரிக்கு நடுவே ஸ்கூட்டியில் போய் வருகிறவள் நான். ஹாரன் இல்லாத அந்த அமைதி எனக்குப் பயமாக இருந்தது. "அடிடி, அடிச்சுகினே போ" என்றேன். "அடிச்சா சண்டைக்கு வருவான்டி" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பும் எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்கே கற்றுக்கொண்டாள், இவ்வளவு நிதானமாகச் சிரிக்க?

மாலகாவில் துறைமுகத்துக்குள்ளேயே கூட்டிக்கொண்டு போனாள். சுவர் இல்லை, கேட் இல்லை, பாஸ் காட்டச் சொல்லித் துப்பாக்கியோடு யாரும் நிற்கவில்லை. கப்பலுக்கு இருபதடி தள்ளிக் குழந்தைகள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தன. என் அப்பா சென்னைத் துறைமுகத்தில் முப்பது வருஷம் மூட்டை தூக்கினார். நான் பிறந்ததிலிருந்து அந்தத் துறைமுகத்தைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்துதான் பார்த்திருக்கிறேன். கப்பலின் புகைக்கூண்டு தெரியும், மிச்சத்தை நாமே கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டும். பிலோ என்னடாவென்றால் கப்பலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "பிஸ்தா நல்லா இருக்கும், அத்த சொல்லட்டா?" என்று கேட்கிறாள்.  பொறாமையோடு முழுசாகத் தின்றேன்.

சனிக்கிழமை காலை கிரனாடா. அங்கே மலை மேல் சிவப்பாக ஒரு பழைய அரண்மனை. உள்ளே போக முன்கூட்டியே சீட்டு வாங்கியிருக்க வேண்டுமாம், பிலோ வாங்க மறந்துவிட்டாள். எதிர் மலையில் ஏறி நின்று பார்த்தோம். பின்னால் பனி மூடிய மலை. அவளாலும் உள்ளே போக முடியவில்லை என்பதில் எனக்கு ஒரு சின்ன திருப்தி. அது ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை.

"நான் நாலு வாட்டி பாத்துட்டேன், உனக்குத்தான் காட்ட முடியல" என்றாள்.

கோர்டோபாவில் நான் மானத்தை வாங்கினேன். அங்கே ஒரு மசூதி. அதன் நடு வயிற்றில் ஒரு சர்ச். வாசலைப் பார்த்ததும் என் கால் தானாகச் செருப்பைக் கழற்றிவிட்டது. ராயபுரத்தில் எந்தக் கோவில் வாசலிலும் அப்படித்தானே? ஓரமாக, அழகாக, சுவரைப் பார்த்து ஜோடியாக வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனேன். தூண் தூணாக, காடு மாதிரி. பாதி தூரம் போவதற்குள் ஒரு காவலாளி ரெண்டு விரலால் என் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். யாரோ விட்டுவிட்டுப் போன பொருள், என்ன ஏது என்று தெரியாமல் வாசலில் ஒரே கலவரமாம். பிலோ அவரிடம் ஏதோ சொன்னாள். அவர் நெஞ்சில் கை வைத்து என்னிடம் குனிந்தார். என்ன சொன்னாள் என்று இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் என்னைக் காப்பாற்றுகிற அளவுக்கு அவளுக்கு அந்தப் பாஷை வந்துவிட்டதே என்றுதான் எனக்கு எரிந்தது. நன்றி சொல்லக்கூடத் தோன்றவில்லை.

ஞாயிறு காலை செவில். இதைத்தான் உங்களுக்குச் சரியாகச் சொல்ல முடியாமல் தவிக்கிறேன். ஏப்ரல் மாதம். தெரு முழுக்க நாரத்தை மாதிரிக் கசப்பு ஆரஞ்சு மரங்கள். எல்லாம் பூத்திருந்தன. காரைவிட்டு இறங்கின நிமிஷம் என் கால் நின்றுவிட்டது. அவ்வளவு பூ வாசனை ஒரு ஊருக்கு இருக்கலாம் என்று எனக்குத் தெரியாது. எங்கள் பக்கம் காற்று திரும்பினால் பெட்ரோலியம், இன்னொரு பக்கம் திரும்பினால் உரம், நடுவில் கருவாடு. பிறந்ததிலிருந்து எல்லாவற்றையும் இனம் பிரித்து வைத்திருந்த என் மூக்கில், நல்லது என்ற பக்கத்தில் எழுத அதிகம் இருந்ததில்லை. அந்தத் தெருவில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். இந்த மூக்கு இங்கே வந்திருக்க வேண்டியது, ஆறு வருஷத்துக்கு முன்னால் வந்திருக்க வேண்டியது என்று மனசு திரும்பத் திரும்பச் சொன்னது. இந்த வாசனையை இவளா அனுபவிப்பது? டீயையும் ஃபினாயிலையும் பிரிக்கத் தெரியாதவளா?

கண்ணைத் திறந்தால் பிலோ பூவைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் காடிஸ். மூன்று பக்கமும் கடல் சுற்றிய ஊர். கடலைப் பார்த்த ஒரு சின்ன ஓட்டலில், அந்த ஊர் விசேஷம் என்று வறுத்த கணவாய் வாங்கினாள். பொன் நிறமாக, எலுமிச்சைத் துண்டோடு வந்தது. ஒரு துண்டை எடுத்து, நம் வழக்கப்படி முதலில் மூக்குக்குத்தான் கொண்டு போனேன்.

"ஏய் பிலோ, இது நம்ம மால்டி."

"சும்மா இரு. இங்கதான் கடல் கீதே, எதிரக்க."

"கடல் கீது. கணவாய் இந்தக் கடல்து இல்ல. ஐஸ்ல மாசக்கணக்குல கெடந்த வாசனை வருது. சதை பாரு, தடிமனை."

மாதக்கணக்கில் உறைந்து கிடந்த சரக்குக்கு ஈரமான அட்டைப்பெட்டி வாடை ஒன்று உண்டு. எவ்வளவு எண்ணெயில் போட்டாலும் அது போகாது. பிலோவுக்குத் தெரியவில்லை, ஆனால் அவள் நான் சொன்னதை ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. முதலாளியைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவர் கையை விரித்து, கடலைக் காட்டி, தன் தாத்தாவை எல்லாம் சாட்சிக்கு இழுத்தார். இவள் விடவில்லை. கடைசியில் அவர் கோபமாக உள்ளே போய், ஒரு அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்துக்கொண்டு வந்து மேசை மேல் வைத்தார். 'இந்தியா' என்று இருந்தது. அவரே அதை அப்போதுதான் படித்தார் போல. ஒரு தட்டு ஆலிவ் காயை இலவசமாக வைத்துவிட்டுப் போனார்.

கணவாய்கூட எனக்கு முன்னால் விசா வாங்கிக்கொண்டு வந்து, இந்த ஊர்க் கடற்கரையில் உட்கார்ந்து, உள்ளூர் விசேஷம் என்று பெயரும் வாங்கிவிட்டது. வறுத்த கணவாயைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன்.

பிலோ சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சிரிப்பு நின்றது. எலுமிச்சைத் துண்டைப் பிழிந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"உன் கிட்ட ஒண்ணு சொல்லணும்டி. அன்னிக்கு எட்டுத் தட்டு வச்சாங்களே. மெய்யாலுமே எனக்கு ரெண்டுதான் தெரிஞ்சிது."

"எட்டும் கரெக்டா எழுதினியே?"

"உன் மூக்கைப் பாத்து எழுதினேன். கெட்டதை மோந்தா உனக்கு மூக்குல இடது பக்கம் லேசா சுருங்கும். சந்தேகமா இருந்தா அரைச் சுருக்கு. நல்லதா இருந்தா கண்ணு மூடிக்கும். உனக்கே தெரியாது. மேசைல நின்ன நாள்லேருந்து அத்த பாத்துகினுதான் நான் வேலை செஞ்சேன்."

 இத்தனை வருஷம் அவளுக்கு அதிர்ஷ்டம் என்று பொறாமைப்பட்டிருந்தேன். அதிர்ஷ்டம் இல்லையாம், என் மூக்காம். இந்தக் கார், இந்தக் கடல், அந்தப் பூ மரம், எல்லாம் என் மூக்கைப் பார்த்து எழுதி வாங்கினது.

"அப்புறம் ஆறு வருசமா எப்படிடி ஓட்டுற?" என்றேன் கடைசியில்.

"பயந்து பயந்துதான். சந்தேகம்னா ஒரு துண்டை வேக வச்சு மோந்து பாப்பேன். அப்பவும் வெளங்கலன்னா வாய்ல போட்டுப் பாத்துடுவேன். எத்தினி வாட்டி வயிறு போயி கீது தெரியுமா?"

சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை. அல்ஹெசிராஸ் திரும்புகிற வழியில் ஒரு திருப்பத்தில் வண்டியை நிறுத்தி, "அதோ பாரு, ஆப்பிரிக்கா" என்று காட்டினாள். தண்ணீருக்கு அந்தப் பக்கம் நீலமாக மலை தெரிந்தது. ஆயுசில் ஒரு தடவை பார்க்கிற காட்சி. நான் மடியில் கையை வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கார் முழுக்கக் கருவாட்டு வாசனை.

அந்த உட்கார்ந்த இடத்தில்தான் ஒரு எண்ணம் வந்தது. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு அவள் நிச்சயம் என்னை மோந்து பார்க்கச் சொல்வாள். கெட்ட பெட்டியையும் நல்லது என்று நான் சொல்லிவிட்டால்? அவள் கையெழுத்துப் போட்டுவிடுவாள். எங்கள் ஷெட் தப்பிக்கும், மேனேஜர் சொன்ன காரியம் முடியும். பிறகு சரக்கு கடைக்குப் போய் நாறும்போது, கையெழுத்துப் போட்டவளின் நாற்காலி போகும். நாற்பது பேருக்காக என்று ஒரு மனசு சொல்லிக்கொண்டது. அந்த நாற்பது பேரைவிட அந்த நாற்காலிதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. என்னிடமிருந்து எடுத்ததை நான் திருப்பி எடுக்கிறேன், அவ்வளவுதானே என்று இருந்தது.

திங்கட்கிழமை காலை எஃகு மேசையில் எட்டுப் பெட்டி. எட்டு என்று வேண்டுமென்றே எடுத்தாளா, கிடங்கின் வழக்கமா என்று நான் கேட்கவில்லை. வெள்ளைக் கோட்டில் நின்ற அவள், காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு மேசைக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றாள். அன்று நின்ற அதே மாதிரி.

"நீ மோந்து பாரு. நீ சொல்றதை நான் எழுதுறேன்."

முதல் பெட்டி நல்லது. ரெண்டாவதும் நல்லது. மூன்றாவது பெட்டியில் ஒரு கணவாயை எடுத்துச் சதையைக் கிழித்து மோந்தேன். அந்த இனிப்பு இருந்தது. அதற்கு அடியில் அமோனியாவும் ஆரம்பித்திருந்தது. நிமிர்ந்து, வாயைத் திறந்து, "நல்லாத்தான் கீது" என்று சொன்னேன். தெளிவாகச் சொன்னேன்.

பிலோ என் வாயைக் கேட்கவில்லை. என் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டு, 'கெட்டது' என்று எழுதினாள்.

நான் கையைக் கழுவிக்கொண்டு நாலாவது பெட்டிக்குப் போனேன். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. நான் மோந்தேன், அவள் பார்த்தாள், எழுதினாள். எட்டில் மூன்று கெட்டது. கண்டெய்னரின் கதவுப்பக்கத்துச் சரக்கை மட்டும் பிரித்துக் கழித்துவிட்டு, மிச்சத்தை எடுத்துக்கொண்டார்கள். நான் சொன்ன பொய்யைப் பற்றி அவள் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. விமான நிலையத்தில் என் கைப்பையில் ஒரு சின்ன கிளை ஆரஞ்சுப் பூவைச் செருகிவிட்டாள். வீடு வந்து சேர்வதற்குள் கறுத்துவிட்டது. ஆனால் மணம் இருந்தது.

"பேசிப் பாத்திருக்கக் கூடாதாம்மா?" என்றார் மேனேஜர்.

"பேசினேன் சார்" என்றேன்.

அடுத்த வருஷம் கொரோனா வந்தது. கப்பல் நின்றது, ஷெட்டும் நின்றது. திறப்பார்கள் திறப்பார்கள் என்று நாற்பது பேரும் ஆளுக்கொரு பக்கம் காத்திருந்தோம். இப்போது அந்த இடத்தில் ஆன்லைன் பார்சல் குடோன் இருக்கிறது. எஃகு மேசையை சாத்தாங்காட்டில் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம். எனக்கு அதே வருஷம் மூக்கும் போனது. செவில் தெருவின் போட்டோ போனில் இருக்கிறது. மரம் இருக்கிறது, வெள்ளைப் பூ இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு நான் நிற்கிறேன். அந்த வாசனை எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்கு ஞாபகத்திலிருந்து எடுக்க வரவில்லை. ரொம்ப நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லத் தெரிகிறது.

இதை பிலோவிடம் நான் சொல்லவே இல்லை. எல்லாவற்றிலும் அவள் மேலே, இந்த ஒன்றில் மட்டும் நான் மேலே என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். அதையும் எப்படிக் கொடுப்பது? போன டிசம்பரில் அவள் வந்திருந்தபோதுகூட, அவள் கொண்டு வந்த சோப்பை மோந்து பார்த்து, "சோக்கா கீதுடி" என்று நடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தொக்குச் சட்டி வெளியே போன பிறகு, சாயங்காலம் நானே அவளுக்குப் போன் போட்டேன். சொன்னேன். மூக்கு போனது, சோப்பை மோந்து நடித்தது, எல்லாம்.

"தெரியும்டி" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"டிசம்பர்ல வந்தேன்ல. ஒரு நாள் உன் வூட்டு வாசல்ல குந்திகினு இருந்தமே, எங்கிருந்தோ கேஸ் நாத்தம் வந்துச்சே. தெருவே மூக்கைப் பொத்திகினு ஓடிச்சு. உன் மூக்கு அசையல. நீ பாட்டுக்குக் கீரை ஆய்ஞ்சுகினு இருந்த."

"ஏண்டி அப்பவே கேக்கல?"

"கேட்டா உனக்கு என் கிட்ட தோத்த மாரி இருக்கும்."

 அவளுக்குத் தெரியாமல் வைத்திருந்தேன் என்று நான் நினைத்த பொறாமையையும் அவள் எப்போதோ என் முகத்தில் பார்த்து எழுதி வைத்திருக்கிறாள். பேச வாயெடுத்தேன். அதற்குள் அவள், "இருடி, இருடி, அடுப்புல ஏதோ அடிபுடிக்குது, வாசனை வருது" என்று போனை எங்கேயோ வைத்துவிட்டு ஓடினாள்.

நான் போனைக் காதில் வைத்தபடியே நின்றேன். சட்டியை நகர்த்துகிற சத்தம், ஜன்னலைத் திறக்கிற சத்தம், அவள் இருமுகிற சத்தம் எல்லாம் கேட்டது. எட்டில் ரெண்டு தட்டு மட்டும் கண்டுபிடித்த மூக்கு அது. ஒரு அறை தள்ளி அடிபிடித்ததை மோந்து கண்டுபிடித்துவிட்டது. அந்தக் காருக்கும் கடலுக்கும் ஆறு வருஷம் பட்ட பொறாமையெல்லாம் சேர்த்தாலும் அந்த நிமிஷம் பட்டதற்குப் பக்கத்தில் வராது. அப்போதுதான் எங்கள் வீட்டு அடுப்பில் பால் வைத்திருந்தது ஞாபகம் வந்தது. அது என்ன ஆயிற்று என்று கண்ணால் பார்த்து வரப் போனேன்.